முப்பத்தாறு மணி நேரம்

ஆய்வேட்டின் முகப்புப் பக்கத்தில் 'நெறியாளர்' என்று அச்சடிக்கிறோம். பேச்சில் 'கைடு'. பல்கலைக்கழக விதிகளின் ஆங்கிலத்தில் அதே ஆள் 'சூப்பர்வைசர்'. வல்லம் வடகால் பக்கம் சூப்பர்வைசர் என்றால் வேறொருவர். லைனுக்குப் பின்னால் நின்று மணிக்கு எத்தனை பீஸ் நகர்கிறது என்று கணக்குப் பார்ப்பவர். இந்தப் பகுதியின் பெண் தொழிலாளர்களைப் பற்றித்தான் என் முனைவர் பட்ட ஆய்வு. அதனால் அந்தச் சொல்லின் இரண்டு அர்த்தங்களோடும் சில வருடம் பழக வேண்டியிருந்தது.

நேர்காணலுக்கு வந்த ஒரு பெண் கேட்டாள்: "உங்களுக்கும் சூப்பர்வைசர் இருக்காங்களாக்கா? டார்கெட் எல்லாம் குடுப்பாங்களா?" ஆமாம் என்றேன். "அப்ப உங்க டார்கெட்டே நாங்கதானா?" என்று சிரித்தாள்.

கிண்டல்தான். ஆனால் ஆய்வு அறம் பற்றி நான் படித்த எந்தப் புத்தகமும் இவ்வளவு நேராகக் கேட்டதில்லை. ஓர் ஆய்வை முடித்துக் கொடுப்பதாக நாம் யாருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறோம்? பல்கலைக்கழகத்துக்கு, நெறியாளருக்கு, உதவித்தொகை தந்தவர்களுக்கு, வீட்டில் "எப்பதான் முடியும்?" என்று கேட்கிறவர்களுக்கு. நம் கேள்விகளுக்குப் பதில் சொன்னவர்கள் இந்தப் பட்டியலில் பெரும்பாலும் வருவதில்லை.

ஊரைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். வல்லம் வடகால், ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையில் இருக்கிறது. சிப்காட் தொழிற்பூங்கா வந்த பிறகு கிராமத்தின் பெயரே பூங்காவின் பெயராகிவிட்டது. 2017இல் ராயல் என்ஃபீல்டு இங்கே ஆலை திறந்தது. 2024 ஆகஸ்டில் பாக்ஸ்கான் பெண் ஊழியர்களுக்காக 18,720 பேர் தங்கும் குடியிருப்பு திறக்கப்பட்டது. சிப்காட் 706.50 கோடி ரூபாயில் கட்டியது. அதற்கு முன்பு 2021 டிசம்பரில், பூந்தமல்லி அருகே ஒரு தனியார் விடுதியில் சாப்பாட்டால் பலர் நோயுற்றபோது, பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் இரவெல்லாம் உட்கார்ந்தார்கள். அதிலிருந்து நிருபர்கள், தொண்டு நிறுவனங்கள், என்னைப் போன்ற மாணவர்கள் என்று இங்கே கேள்வி கேட்க வருபவர்களுக்குக் குறைவில்லை. கேட்டவர்கள் போன பிறகு அந்தப் பதில்கள் என்ன ஆயின என்று சொன்னவர்களுக்குத் தெரிவது அபூர்வம்.

திட்டத்திலிருந்து ஆரம்பிக்கலாம். உம்பர்த்தோ எக்கோ 1977இல் இத்தாலிய மாணவர்களுக்காக ஆய்வேடு எழுதுவது பற்றி ஒரு புத்தகம் எழுதினார். ஆறு மாதத்துக்குக் குறையாமல், மூன்று வருடத்தைத் தாண்டாமல் முடித்துவிடு என்பார். பொருளடக்கத்தை முதலிலேயே எழுதச் சொல்வார். அது வேலைக்கான ஓர் ஊகம், போகப் போகத் திருத்திக்கொண்டே இருப்பாய் என்பது அவர் கணக்கு. ஆலையின் உற்பத்தித் திட்டத்துக்கும் ஆய்வுத் திட்டத்துக்கும் இங்கேதான் வித்தியாசம். ஆலையில் கடைசிப் பொருள் எப்படி இருக்கும் என்பது முதல் நாளே தெரியும். மாதிரியிலிருந்து விலகினால் ரிஜெக்ட். ஆய்வில் முதல் நாள் எழுதிய இயல் பகுப்பு கடைசி நாளிலும் அப்படியே இருந்தால், களம் எதையும் சொல்லித்தரவில்லை என்று பொருள்.

திட்டத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அதில் மற்றவர்களின் நேரம் எழுதப்பட்டிருக்கிறது. என் திட்டத்தில் 24 பெண்கள், ஆளுக்கு இரண்டு அமர்வு, ஒவ்வொன்றும் 45 நிமிடம். மொத்தம் 36 மணி நேரம். அட்டவணையில் அது ஒரே ஒரு கட்டம். எட்டு மணி நேர ஷிப்டில் கணக்குப் போட்டால் நாலரை ஷிப்ட், அதுவும் துணி துவைக்க, தூங்க, அம்மாவுக்குப் போன் பண்ண வாரத்தில் கிடைக்கும் ஒரே நாளிலிருந்து எடுத்தது. இன்னும் பத்துப் பேரைச் சேர்த்தால் ஆய்வு கனமாகுமே என்று நான் இழுத்தபோது என் நெறியாளர் சொன்னார்: "இருபத்தஞ்சாவது ஆள் புதுசா என்ன சொல்லணும்னு நீ எதிர்பாக்கற? அது தெரியாம யாரோட லீவு நாள்லயும் போய் உக்காராதம்மா." மாதிரி அளவு பற்றிய முறையியல் கேள்வியை அவர் ஒரு அறக்கேள்வியாகப் பார்த்தார். இப்போதும் அதுதான் சரி என்று நினைக்கிறேன்.

மனிதர்களை வெறும் கருவியாக மட்டும் நடத்தாதே என்று 1785இல் காண்ட் எழுதினார். 'மட்டும்' என்ற சொல்லைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒருவரை ஒருவர் பயன்படுத்திக்கொள்ளாமல் வாழ முடியாது. டீ போடுகிறவரை டீக்காகப் பயன்படுத்துகிறேன், அவர் என்னைக் காசுக்காக. நானும் அந்தப் பெண்களை என் பட்டத்துக்காகப் பயன்படுத்தினேன். அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. 'மட்டும்' என்பதிலிருந்து தப்பிக்க என்ன செய்ய வேண்டும் என்பதுதான் கேள்வி.

ஒப்புதல் படிவம் போதும் என்பது வழக்கமான பதில். எனக்கு அது போதவில்லை. ஆதார் நகல், வேலை விண்ணப்பம், விடுதி விதிகள் என்று காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டுப் பழகியவர்கள் இவர்கள். இன்னொரு தாளில் இன்னொரு கையெழுத்து பெரிதாக எதையும் சொல்லிவிடாது. அந்தக் கையெழுத்து பேச்சு தொடங்கும் முன் வாங்கப்படுவது. பேசி முடித்து, அதை நான் எழுதி, அது என்னவாக மாறியிருக்கிறது என்று பார்த்த பிறகு, "இது வேணாங்க்கா" என்று சொல்ல அவளுக்கு ஒரு வாய்ப்பு இருக்க வேண்டும். சொன்னவள் கடைசிவரை தன் சொல்லின் மேல் கொஞ்சமாவது அதிகாரம் வைத்திருந்தால்தான், நான் அவளை வெறும் கருவியாக மட்டும் பயன்படுத்தவில்லை என்று சொல்லிக்கொள்ள முடியும்.

இதே பகுதியில் இதற்கு ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. மதுமிதா தத்தா, பிரிட்டனின் டரம் பல்கலைக்கழகத்தில் செய்த முனைவர் பட்ட ஆய்வுக்காக, ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையின் பெண் தொழிலாளர்களோடு பழகினார். அவர்கள் காஞ்சிபுரத்தில் வாடகைக்கு இருந்த அறையில் வேலை, காதல், சாப்பாடு, சுதந்திரம் என்று பேசிய பேச்சுகள் 'மொபைல் கேர்ள்ஸ் கூட்டம்' என்ற பாட்காஸ்டாக வந்தன. 2021இல் ஜுபான் பதிப்பகம் அதைப் புத்தகமாக்கியது. ஆய்வேட்டில் மேற்கோளாகச் சுருங்கியிருக்கக்கூடிய பேச்சு, பேசியவர்களின் குரலிலேயே வெளியே வந்தது. எல்லா ஆய்வும் பாட்காஸ்ட் ஆக வேண்டியதில்லை. திருப்பிக் கொடுத்தல் என்பது ஆய்வுக்குப் பிறகு செய்யும் தர்மமாக இல்லாமல், ஆய்வின் பகுதியாகவே இருக்க முடியும் என்பதை அது காட்டுகிறது.

அந்த நோக்கியா ஆலை 2006இல் உற்பத்தி தொடங்கியது, 2014 நவம்பர் 1 அன்று நின்றது. எட்டு வருடத்துக்கும் கொஞ்சம் மேல். பல்கலைக்கழக மானியக்குழுவின் 2022 விதிகளின்படி முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6. மறுபதிவு செய்தால் மேலும் 2. பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் இன்னும் 2 வரை கிடைக்கலாம். அதாவது சாவகாசமாக எழுதப்படும் ஒரு ஆய்வேட்டின் காலத்துக்குள் ஒரு ஆலை வந்து, ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை கொடுத்து, மூடிவிட்டுப் போயிருக்கிறது. "இன்னும் கொஞ்சம் நல்லா வரட்டும்" என்று நான் ஒரு இயலைத் தள்ளிப்போடும்போது, அதில் பேசியவள் வேலை மாறி, கல்யாணமாகி, போன் நம்பரும் மாற்றியிருப்பாள். பிறகு யாரிடம் திருப்பிக் காட்டுவது?

மாக்ஸ் வெபர் 1917இல் ம்யூனிக் மாணவர்களிடம் பேசியபோது, அறிவியல் வேலை என்பது பிறரால் தாண்டப்படுவதற்காகவே இருக்கிறது, அதுவே அதன் பொருள் என்றார். நான் பார்த்த முடியாத ஆய்வேடுகளில் பாதிக்கு மேல் சோம்பேறித்தனத்தால் நின்றவை அல்ல. தாண்டப்பட மனம் வராததால் நின்றவை. முடிப்பது என்றால், குறையோடு இருக்கும் ஒன்றை மற்றவர்கள் கையில் கொடுத்து, "இனி நீங்க பாத்துக்கங்க" என்று சொல்வது. அதைச் செய்யாமல் வைத்திருக்கும் ஒவ்வொரு வருடமும், அடுத்தவர்கள் கொடுத்த நேரம் நம் பீரோவில் பூட்டிக் கிடக்கிறது.

அதற்காக எப்படியாவது முடித்துவிட வேண்டும் என்றும் சொல்லவில்லை. நம் பல்கலைக்கழக ஆய்வேடுகள் 'ஷோத்கங்கா' இணையக் களஞ்சியத்தில் ஏறுகின்றன. யார் வேண்டுமானாலும் படிக்கலாம். மனிதவளத் துறையில் உட்கார்ந்திருப்பவரும் படிக்கலாம். வாடகை அறையில் தங்கி, வேறொரு ஆலையில் வேலை செய்த ஒருத்தி, வேலைக்குச் சேரும்போது மறைத்த ஒரு விஷயத்தை என்னிடம் சொல்லியிருந்தாள். என் மூன்றாம் இயலின் மையமே அதுதான். புனைபெயர் வைத்து எழுதி, அவளிடம் வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுச் சொன்னாள்: "பேர மாத்திட்டீங்க, சரி. கதை என்னுதுதானக்கா? எங்க லைன்ல யார் படிச்சாலும் நான்தான்னு தெரிஞ்சிரும்."

எடுத்துவிட்டேன். அது என்ன விஷயம் என்று இங்கேயும் சொல்லப்போவதில்லை. ஆய்வேட்டை மதிப்பிட்ட தேர்வாளர் ஒருவர், மூன்றாம் இயலின் வாதத்துக்குச் சான்று போதவில்லை என்று அறிக்கையில் எழுதினார். அவர் சொன்னது சரி. சான்று என்னிடம் இருந்தது, காட்ட முடியவில்லை. என் நெறியாளர் அந்த இடத்தில், "வாதத்தோட சத்தத்தக் குறைச்சு எழுது, அவ சொன்னதத் திரும்பச் சேக்காத" என்றார். லைன் சூப்பர்வைசராக இருந்திருந்தால் பீஸ் சரியாக வர வேண்டும் என்றுதான் பார்த்திருப்பார்.

இதெல்லாம் மனசாட்சியைச் சமாதானப்படுத்திக்கொள்ளும் வேலை என்று சிலர் சொல்லலாம். நான்கு பக்கத்தில் ஒரு தமிழ்ச் சுருக்கம் எழுதிக் கொடுத்தபோது, "இத வச்சிக்கிட்டு நான் என்ன பண்றதுக்கா?" என்று ஒருத்தி கேட்கவும் செய்தாள். சம்பளத்தையோ ஷிப்ட் நேரத்தையோ என் ஆய்வேடு மாற்றிவிடாது. ஆனால் பத்தொன்பது பேர் அதைப் படித்தார்கள். நான்கு பேர் திருத்தம் சொன்னார்கள். ஓவர்டைம் பற்றி நான் எழுதியிருந்த ஒரு பத்தியை இரண்டு பேர் தனித்தனியாக மறுத்தார்கள், அவர்கள் மறுப்பும் அந்தப் பக்கத்திலேயே ஏறியது. 'தகவலாளி' என்று நாம் எண் போட்டு வைத்திருப்பவர் வாதத்துக்குள் வந்துவிட்டார் என்பது சின்ன விஷயம் இல்லை.

இப்போது ஆய்வுச் சுருக்கம் தயாரித்துக்கொண்டிருப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். இலக்கிய மீளாய்வு, களப்பணி, எழுத்து, சமர்ப்பித்தல் என்று அட்டவணையில் கட்டங்கள் போடுவீர்கள். சமர்ப்பிப்பதற்கு முன்னால் இரண்டு மாதம் காலியாக விட்டு, 'திருப்பிக் காட்டல்' என்று எழுதுங்கள். அந்தக் கட்டத்தை எந்த விதிமுறையும் உங்களிடம் கேட்கப் போவதில்லை. பொது வாய்மொழித் தேர்வு வேலைநாளில் பதினோரு மணிக்கு நடக்கும். மிக்சரும் காபியும் வரும். பகல் ஷிப்டில் நிற்பவர்கள் வர மாட்டார்கள். அவர்கள் சொல்ல வேண்டியதை அதற்கு முன்பே கேட்டு முடித்திருக்க வேண்டும்.