தந்தையின் வில்லை

ஒருவர் மறைந்தபின் அவர் விட்டுச் செல்லும் பொருள்கள் இரு வகைப்படும். சில, வைத்திருந்தாலே போதும் என்னும் தன்மை உடையவை. நிலமும் நகையும் வங்கியிலுள்ள பணமும் அத்தகையன. அவற்றைக் கையில் எடுத்துப் பயன்படுத்தாவிட்டாலும் மதிப்புக் குறைவதில்லை. சில வேளைகளில் கூடவும் செய்கிறது. மற்றொரு வகை, கையில் எடுத்தால் அன்றிப் பொருளாகவே நில்லாதது. உளி, வீணை, தையல் இயந்திரம், ஒளிப்படக் கருவி முதலியன அவ்வகையைச் சேர்ந்தவை. முதல் வகையைப் பற்றிச் சட்டம் விரிவாகப் பேசுகிறது. இரண்டாம் வகையைப் பற்றிப் பேசுவார் அரியர். அதனைப் பெற்றவர் அதற்கு என்ன கடமைப்பட்டிருக்கிறார் என்னும் வினா, குடும்பத்துக்குள் எழுந்து குடும்பத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

இவ்வினா இன்று புதியதொரு வடிவில் எழுந்துள்ளது. 1960களிலும் 1970களிலும் வாங்கப்பட்ட ஜப்பானியக் கேமராக்கள் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் எத்தனையோ இல்லங்களின் அலமாரிகளில் தோல் உறைக்குள் உறங்குகின்றன. வாங்கியவர் மறைந்துவிட்டார். கருவியின் உடலும் பெரும்பாலும் ஓய்ந்துவிட்டது. ஷட்டர் அசைவதில்லை, ஒளிமானிக்கு வேண்டிய பாதரச மின்கலம் கடைகளில் கிடைப்பதில்லை. ஆனால் அதன் முகப்பில் இருக்கும் வில்லை, அதாவது லென்ஸ் என்று எல்லாரும் சொல்லும் பொருள், இன்னும் தொழில் செய்யக்கூடியது. கண்ணாடிக்கும் உலோகத்துக்கும் மின்கலம் வேண்டியதில்லை அன்றோ? அவ்வில்லையைக் கழற்றி இன்றைய மின்னிலக்கக் கேமராவில் பொருத்திப் படம் எடுக்க முடியும். எடுப்பது தகுமா, எடுப்பதாயின் எவ்வாறு என்பதே சிந்திக்க வேண்டியது.

முடியும் என்பதற்குக் காரணம் ஓர் இடைவெளி. ஒவ்வொரு கேமராவிலும் வில்லை அமரும் விளிம்புக்கும் உருவம் விழும் தளத்துக்கும் இடையே குறித்த தொலைவு உண்டு. பெந்தாக்ஸ் கேமராக்களோடு வந்த தக்குமார் வில்லைகள் 42 மில்லிமீட்டர் திருகு அமைப்பு உடையவை. அவற்றுக்கு அத்தொலைவு 45.46 மில்லிமீட்டர். பழைய கருவியின் உள்ளே சாய்ந்து நின்று காட்சியை மேலே அனுப்பிய ஆடிக்கு இடம் வேண்டியிருந்ததால் அவ்வளவு ஆழம். 2008ஆம் ஆண்டில், அந்த ஆடியை நீக்கிய, வில்லை மாற்றத்தக்க மின்னிலக்கக் கேமரா விற்பனைக்கு வந்தது. பின்னர் வந்த சோனி கருவிகளில் அத்தொலைவு 18 மில்லிமீட்டராகச் சுருங்கியது. வேறுபாடு 27.46 மில்லிமீட்டர். அந்த நீளமுள்ள ஓர் உலோக வளையம் இரண்டுக்கும் நடுவே நின்றால் போதும். அவ்வளையத்துக்குள் கண்ணாடி இல்லை, மின்சுற்று இல்லை. வெறும் வெளிதான் உள்ளது. புதியது தன் ஆழத்தைக் குறைத்துக்கொண்டதனால் பழையதற்கு இடம் கிடைத்தது. கெனான் நிறுவனம் 1987ஆம் ஆண்டில் தன் பொருத்து அமைப்பை மாற்றியபோது, முந்தைய எஃப்.டி. வில்லைகளை வைத்திருந்தவர்கள் திகைத்து நின்றார்கள். அவற்றை அந்நிறுவனத்தின் புதிய கேமராவில் பொருத்தித் தொலைவுக் காட்சியைக் குவிக்க வேண்டுமாயின் இடையே வேறொரு கண்ணாடி வேண்டும். அது படத்தின் தெளிவைக் குறைக்கும். இருபது ஆண்டுகளுக்குப் பின்னர் பிற நிறுவனங்களின் கருவிகள் அவ்வில்லைகளுக்கு வாழ்வு தந்தன. பிறந்த வீடு மறந்ததைப் புகுந்த வீடு போற்றியது போன்றது இது.

தகுமா என்னும் வினாவுக்குப் பலர் தரும் முதல் விடை, தொடாதே என்பது. தந்தையின் கைபட்ட பொருள். விழுந்து உடைந்தால் மீண்டும் கிடைக்காது. உறையிலிட்டுப் பூட்டி வைப்பதே மரியாதை என்பர். இதில் அன்பு இருக்கிறது. அதனை எள்ளுவதற்கு இல்லை. ஆனால் இந்நாட்டு வானிலை அந்த அன்புக்கு இணங்குவதில்லை. சிங்கப்பூரிலும் மலேசியக் கடலோர நகரங்களிலும் காற்றின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டை எட்டியும் கடந்தும் நிற்கிறது. இருட்டும் ஈரமும் அசையாத காற்றும் சேரும் இடத்தில் பூஞ்சணம் வளர்கிறது. வில்லையின் உட்புறத்தில் சிலந்தி நூல் போல் மெல்லியதாகத் தொடங்கி, தூசியையும் எண்ணெய்ப் பசையையும் உண்டு கிளைவிடுகிறது. அது கக்கும் அமிலம் முதலில் கண்ணாடியின் மேற்பூச்சை அரிக்கும். பிறகு கண்ணாடியையே அரிக்கும். பூஞ்சணத்தைத் துடைத்துவிடலாம், அரித்த தடத்தைத் துடைக்க இயலாது. அந்தப் பூஞ்சணத்துக்குப் பேரிடம் எது என்றால், ஈரத்தை உறிஞ்சிப் பிடித்து வைத்திருக்கும் அதே தோல் உறை! மரியாதைக்காக இட்ட உறையே மரியாதைக்குரிய பொருளைத் தின்பதற்குத் துணை நிற்கிறது. அசைக்காமல் விட்டால் குவிக்கும் வளையத்தின் உள்ளேயுள்ள மசகும் இறுகிப்போகிறது. ஈரப்பதத்தை 40 முதல் 50 விழுக்காட்டில் நிறுத்தும் உலர்பெட்டியில் வைத்து, அவ்வப்போது வெளிச்சத்தில் எடுத்துக் கையாளுபவரின் வில்லையே நெடுநாள் வாழ்கிறது.

தமிழாசிரியர்களுக்கு இது புதிய செய்தி அன்று. ஏடுகளைப் பூசைக்குரியவையாகக் கருதி எவரும் படிக்காமல் கட்டிவைத்த இல்லங்களில் அவை செல்லுக்கு இரையாயின. முடிவில் அவற்றை ஆற்றிலும் தீயிலும் இட்டதையும் சடங்காகவே செய்தனர் என்பதை உ.வே. சாமிநாதையர் தம் ‘என் சரித்திரம்’ நூலில் வருந்தி எழுதியுள்ளார். 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணி அச்சில் வந்தது என்றால், எவரோ சிலர் கட்டை அவிழ்த்துக் கொடுத்தமையால் வந்தது.

ஆகவே பயன்படுத்துவது தகும். ஆனால் பயன்படுத்துவோர் வேறொரு மயக்கத்துக்கு ஆளாவதையும் காணலாம். தந்தையின் கண்ணால் காண்கிறேன் என்பது அம்மயக்கம். வில்லை கண் அன்று. அது ஒளியை வளைத்து ஓரிடத்தில் சேர்க்கிறது. எதைச் சேர்ப்பது என்று அது தீர்மானிப்பதில்லை. மேலும், தந்தை அதன்வழி கண்ட பரப்பும் மகள் காணும் பரப்பும் ஒன்றாக இருப்பதும் உறுதியில்லை. படச்சுருளின் சட்டம் 36 மில்லிமீட்டர் அகலம் உடையது. இன்றைய கேமராக்களில் பலவற்றின் உணரி அதைவிடச் சிறியது. அத்தகைய கருவியில் 50 மில்லிமீட்டர் வில்லை, 75 மில்லிமீட்டர் வில்லை காட்டும் குறுகிய காட்சியைத்தான் தரும். தந்தையின் படங்களில் ஓரத்தில் நின்ற சிற்றப்பாவும் வேலியும் நாய்க்குட்டியும் மகளின் படத்தில் இடம்பெறா. அதுவன்றியும், கருவி ஒவ்வொரு படத்தோடும் வில்லையின் பெயரைக் குறித்து வைக்கும் வழக்கம் உடையது. பழைய வில்லையோடு பேசுதற்கு மின்தொடர்பு இல்லாமையால் அப்பெயருக்குரிய இடம் வெறுமையாக நிற்கிறது. எந்த வில்லை என்பதை எடுத்தவர்தான் நினைவில் வைக்க வேண்டும்.

பழைய வில்லை பொறுமையைக் கற்பிக்கிறது என்று புகழ்வாரும் உளர். குவிப்பதும் துளையைச் சுருக்குவதும் கையால் செய்ய வேண்டியவை. ஆதலின் மனம் நிதானப்படுகிறது என்பர். ஓரளவு உண்மையே. எனினும் தந்தை நிதானமாக எடுத்தது நிதானத்தின் மேல் கொண்ட பற்றால் அன்று. ஒரு சுருளில் 36 படங்களே உண்டு. கழுவுவதற்கும் அச்சிடுவதற்கும் பணம் வேண்டும். தானாகக் குவிக்கும் கருவி அன்று அவர் கையில் இருந்திருந்தால், ஓடிவரும் குழந்தையை அவரும் விரைந்தே எடுத்திருப்பார். இல்லாமையால் வந்ததை அவருடைய அறமாக ஏற்றிக் கூறுவது, அவரை வணங்குவதுபோல் தோன்றினும், அவரை அறியாமையே ஆகும்.

இதனினும் நுட்பமானது குறைகளைப் பற்றிய சிக்கல். பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 4 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பிவிடும். 1896ஆம் ஆண்டில் செருமானிய அறிஞர் பால் ருடால்ஃப் வகுத்த பிளானர் என்னும் வில்லை சிறந்த அமைப்பு உடையதாயினும், காற்றைத் தொடும் பரப்புகள் மிகுதியாக இருந்தமையால் உள்ளே ஒளி சிதறிப் படம் வெளிறியது. 1935ஆம் ஆண்டில் சைஸ் நிறுவனத்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் ஸ்மாக்குலா மெல்லிய பூச்சு முறையைக் கண்ட பின்னரே அவ்வமைப்புக்கு நல்ல காலம் பிறந்தது. ஒரு தலைமுறையின் அறிவு மறு தலைமுறையின் கைக்காகக் காத்திருந்ததற்கு இது நல்ல சான்று. வில்லை செய்தோர் ஒளிச்சிதறலை ஒழிப்பதற்கு இவ்வளவு பாடுபட்டனர். இன்று பழைய வில்லையைத் தேடிப் பொருத்துவோரில் பலர் விரும்புவது அந்தச் சிதறலையே! எதிரே கதிரவனை வைத்துப் படம் முழுவதும் பொன்னிறப் புகையாக மாறுவதைக் கண்டு மகிழ்கின்றனர். சோவியத் நாட்டில் செய்த ஹீலியோஸ் வில்லைகளில் பின்புலத்து இலைகள் சுழல்வதுபோல் தோன்றும். அச்சுழற்சிக்காகவே அவற்றை விலைகொடுத்து வாங்குகின்றனர். குற்றம் என்று சொல்வதற்கில்லை. கலையில் குறையும் ஒரு வண்ணமே. ஆயினும் தந்தை அத்தகைய படம் ஒன்று வந்திருந்தால் கிழித்தெறிந்திருப்பார் என்பதை மகள் அறிந்திருத்தல் நலம். அறிந்தபின் அதை விரும்பினால் அவ்விருப்பம் அவளுடையது. தந்தையின் பெயரால் அதற்குச் சிறப்புத் தேட வேண்டியதில்லை.

இனி, மாற்றுதல் பற்றியது. நிலத்தை மூவர் பங்கிடலாம். வில்லையைப் பங்கிட இயலாது. ஒருவர் பெறுகிறார், மற்ற இருவர் விட்டுக்கொடுக்கின்றனர். விட்டுக்கொடுத்தவர்களுக்கும் அதில் ஒரு பங்கு உணர்வு எஞ்சியே இருக்கும். ஆதலால் பெற்றவர் தம் விருப்பம்போல் அதை அராவவோ அறுக்கவோ உரிமை உடையவர் அல்லர் எனலாம். இடையே வளையம் பொருத்துவது யாருக்கும் தீங்கன்று. கழற்றினால் வில்லை முன்பிருந்தபடியே இருக்கும். ஆனால் எல்லா இடத்திலும் வழி இவ்வளவு எளிதாக அமைவதில்லை. நிக்கான் நிறுவனம் 1977ஆம் ஆண்டில் ஒளிமானியோடு வில்லை இணையும் முறையை மாற்றியது. அதற்கு முந்தைய வில்லைகளின் துளை வளையத்தில் ஒரு பகுதியைச் செதுக்கினால்தான் பல புதிய கருவிகளில் அவை பழுதின்றி அமரும். அந்தச் செதுக்கு வேலையை நிறுவனமே செய்தும் கொடுத்தது. செதுக்கிய உலோகம் திரும்பாது. எனினும் தந்தையே தம் காலத்தில் அதைச் செய்துகொள்ள எண்ணியிருக்கக் கூடும். அத்தகைய இடத்தில், எஞ்சிய இருவரையும் கேட்டபின் செதுக்குவது தவறாகாது.

மஞ்சள் நிறம் இதனினும் கடினமான வழக்கு. சூப்பர் தக்குமார் வரிசையில் 50 மில்லிமீட்டர், 1.4 துளையளவு உடைய வில்லையின் ஏழு கண்ணாடி வகையில் தோரியம் கலந்த கண்ணாடி உண்டு. ஒளியை மிகுதியாக வளைப்பதற்காக அதைச் சேர்த்தார்கள். அதன் கதிர்வீச்சு மெல்லியது. கேமராவில் பொருத்திப் படம் எடுப்பவருக்கு அச்சம் வேண்டியதில்லை. ஆயின் அக்கதிர் பல ஆண்டுகளில் அந்தக் கண்ணாடியையே தேநீர் நிறத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறது. தந்தை வாங்கிய நாளில் அந்நிறம் இல்லை. அலமாரியில் கிடந்த காலத்தின் நிறம் அது. மின்னிலக்கக் கேமராவில் வெண்மையைச் சரிசெய்யும் அமைப்பை மாற்றினால் படத்தில் மஞ்சள் மறையும். வில்லையில் அப்படியே இருக்கும். அன்றேல், வில்லையைச் சன்னலோரத்தில் புற ஊதாக் கதிர் படும்படி வைத்தால் சில வாரங்களில் கண்ணாடியே தெளிந்துவிடும். முதல் வழியில் காலம் காப்பாற்றப்படுகிறது. இரண்டாம் வழியில் தந்தை வாங்கிய வில்லை காப்பாற்றப்படுகிறது. ஒன்றைக் கொள்வோர் மற்றொன்றை இழக்கத்தான் வேண்டும். மஞ்சள் ஒளியின் ஒரு பகுதியை விழுங்குவதால், வில்லை செய்யப்பட்ட நோக்கத்துக்கு மாறானது. ஆதலின் வெயிலில் வைப்பதே பொருத்தம் என்று தோன்றுகிறது. ஆனால் தோரியம் உள்ளேயே இருக்கிறது. அதில் பாதி அழிய ஏறத்தாழ 1,400 கோடி ஆண்டுகள் ஆகும். தெளிந்த கண்ணாடி மெல்ல மெல்ல மீண்டும் மஞ்சளாகும். அப்போது அதைச் சன்னலோரத்தில் கொண்டுபோய் வைப்பவர் வேறொருவராக இருப்பார்.