கேட்பதற்கும் ஓர் அறம் உண்டு

நாவைக் காப்பது குறித்து நம் ஆன்றோர் நிறையவே எழுதியிருக்கின்றனர். செவியைக் காப்பது குறித்து நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. புறம் பேசுவது பாவம் என்பதைச் சிறு வயதிலேயே ஓதி அறிந்த நாம், புறம் பேசப்படுவதை அமர்ந்து கேட்டிருப்பதும் அதில் பங்கு கொள்வதேயாகும் என்பதை எளிதில் மறந்துவிடுகிறோம். பேசுபவர் எங்கோ ஒரு படப்பிடிப்புக் கூடத்திலும் கேட்பவர் தம் வீட்டுக் கூடத்திலும் இருக்கின்ற இந்தத் தொலைக்காட்சிக் காலத்தில், அந்த மறதி இன்னும் எளிதாகிவிட்டது.

காஞ்சிபுரத்தை எடுத்துக்கொள்வோம். கோயில்களாலும் பட்டாலும் பெயர் பெற்ற அந்நகரின் பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் பகுதிகளில் வீடே தொழிற்கூடம். குழித்தறியில் ஒருவர் அமர, பக்கத்தில் துணையாள் ஒருவர் கரைக்கான நாடாவைச் செலுத்த, பகற்பொழுது முழுவதும் வேலை நடைபெறும். தறியோசைக்குத் துணையாக முன்பு வானொலி இருந்தது. 1975 ஆகஸ்டு 15 ஆம் நாள் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கப்பெற்றது. 1993 முதல் தனியார் தமிழ் அலைவரிசைகளும் வந்து சேர்ந்தன. இப்போது கைப்பேசியும் சேர்ந்துகொண்டது. நெய்பவரின் கைக்கும் கண்ணுக்கும் வேலை இருக்கிறது. செவி மட்டுமே ஓய்ந்திருக்கிறது. அதே ஊரின் ஒலிமுகமதுபேட்டையில் சமையற்கட்டில் நிற்கும் தாய்மாரின் நிலையும் இதுவே. நம் ஒவ்வோர் ஊரிலும் இதுவே. பகல்நேரப் பேச்சு நிகழ்ச்சிகள் நாடி வருவது ஓய்ந்திருக்கும் அந்தச் செவியைத்தான்.

அந்தச் செவிக்கு எது வழங்கப்படுகிறது? பொதுச் செய்திகளை விவாதிக்கும் அரங்குகள் உண்டு. அவற்றை நாம் குறை கூற வரவில்லை. நம் கேள்வி வேறு வகையைப் பற்றியது. கணவன் மனைவி பூசலை, தாய்க்கும் மகளுக்கும் இடையிலான மனத்தாங்கலை, ஒரு பெண்ணின் கண்ணீரைக் காமிராவின் முன் அமர்த்தி, நடுவர் ஒருவர் கேள்வி கேட்கும் நிகழ்ச்சிகள் அவை. தமிழில் 2011 இல் தொடங்கிய ‘சொல்வதெல்லாம் உண்மை’ இவ்வகையில் மிகவும் அறியப்பட்டது. 2018 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதன் ஒளிபரப்புக்கு இடைக்காலத் தடை விதித்தது. இங்கிலாந்தில் 2005 முதல் காலை வேளைகளில் ஒளிபரப்பாகி வந்த ‘ஜெரமி கைல்’ நிகழ்ச்சி 2019 மே மாதத்தில் அடியோடு நிறுத்தப்பட்டது. பொய்யறியும் சோதனையில் தோற்றவராகக் காட்டப்பட்ட பங்கேற்பாளர் ஒருவர், படப்பிடிப்பு முடிந்த சில நாட்களில் இறந்து கிடந்தார். அச்சாவுக்கு அந்நிகழ்ச்சிதான் காரணம் என்று தீர்ப்புக் கூறுவது நம் வேலையன்று. ஆனால் ஒரு மனிதனின் மானம், பிறர் காலைப் பொழுதின் வேடிக்கையாக வைக்கப்பட்டது என்பதை மறுப்பார் இல்லை.

கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் ஆடை போன்றவர்கள் என்று திருமறையின் இரண்டாம் அத்தியாயம், 187 ஆம் வசனம் உவமிக்கிறது. ஆடையைப் பற்றிக் காஞ்சிபுரத்துக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. சேலையின் உடலையும் கரையையும் வெவ்வேறு நாடாக்களால் நெய்து, இழுத்தாலும் பிரியாதபடி கோர்வையாக இணைக்கின்ற ஊர் அது. ஓர் ஆடை உருவாக எத்தனை நாள் உழைப்பு வேண்டும், அதில் ஒரு கிழிசல் விழ எவ்வளவு குறைந்த நேரம் போதும் என்பதை அந்த ஊர் அறியும். ஆடையின் முதல் வேலை மறைப்பது. அதன் பிறகே அழகு செய்வது. இல்லறத்தை ஆடைக்கு ஒப்பிட்ட மறை, அதன் குறைகளை மறைத்துக் காக்கும் பொறுப்பையும் அந்த இருவரிடமே ஒப்படைத்திருக்கிறது. அந்த ஆடையை ஊரறியக் களையும்படி அழைப்பவர் ஒருவர். அதைக் காண அமர்ந்திருப்போர் பல்லாயிரவர்.

“அவர்கள் தாமாக விரும்பித்தானே வந்தார்கள்?” என்று கேட்கப்படுகிறது. இறைவன் இரவில் மறைத்து வைத்த தன் குறையைக் காலையில் தானே எடுத்து ஊருக்குச் சொல்பவனை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். ஆகவே, ஒருவன் தானே இசைவதால் மட்டும் ஒரு செயல் நேர்மையாகிவிடாது. அன்றியும், வந்தவர் தம் கதையை மட்டுமா சொல்கிறார்? வராத கணவனின் கதையையும், மாமியாரின் கதையையும், பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளின் கதையையும் சேர்த்தல்லவா சொல்கிறார்! அந்தப் பிள்ளைகளிடம் இசைவு கேட்டவர் யார்? நாளை வகுப்பறையில் அந்தக் காட்சி அவர்களைத் தேடிவரும்போது உடனிருப்பவர் யார்?

ஆனால் எதிர்த்தரப்பின் வாதம் ஒன்றை நாம் இலேசாகத் தள்ளிவிட முடியாது. காவல் நிலையத்தில் காத்திருந்து, ஊர்ப் பெரியவர்களிடம் முறையிட்டு, எங்கும் செவி சாய்ப்பார் இல்லாத ஏழைப் பெண் ஒருத்தி, கடைசியாகத் தொலைக்காட்சியிடம் போனால் அவளைக் குறை சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது? அநீதி இழைக்கப்பட்டவர் தமக்கு நேர்ந்ததை உரத்துச் சொல்ல மார்க்கமே இடமளித்திருக்கிறது. குறையை மறைத்தல் என்ற பெயரில் கொடுமையை மறைக்கச் சொல்வது இஸ்லாம் அன்று.

இங்கேதான் கவ்லா பின்த் ஸஃலபா அம்மையாரின் வரலாறு நமக்கு விளக்காகிறது. அறியாமைக் காலத்து வழக்கப்படி, தாயோடு ஒப்பிட்டுக் கூறும் ஒரு சொல்லால் கணவர் அவரை விலக்கிவிட்டார். அவ்வம்மையார் நேரே நபிகள் பெருமானாரிடம் வந்து வாதாடினார். ஐம்பத்தெட்டாவது அத்தியாயம் அந்த வழக்கோடுதான் தொடங்குகிறது. அத்தியாயத்தின் பெயரும் அந்த வாதத்தாலேயே அமைந்தது. ஒரு சாதாரணப் பெண்ணின் இல்லறக் குறை இறைவனால் கேட்கப்பட்டது. கொடிய வழக்கமும் நீக்கப்பட்டது. இதில் நம் நெஞ்சைத் தொடும் குறிப்பொன்று உண்டு. அப்போது அதே வீட்டின் ஒரு பக்கத்தில் இருந்த ஆயிஷா நாயகியார், அப்பெண் கூறியதில் ஒரு பகுதி தம் காதில் விழவில்லை என்று பின்னாளில் அறிவித்திருக்கிறார்கள். ஏழு வானங்களுக்கு மேல் கேட்ட முறையீடு, சில முழத் தொலைவில் இருந்தவருக்கு முழுதாகக் கேட்கவில்லை! நீதி வழங்க வேண்டியவரிடம் அச்சொல் போய்ச் சேர்ந்தது. அவ்வளவே தேவையாக இருந்தது.

பிறர் துயரைக் கேட்பதற்கான அளவுகோல் இந்நிகழ்ச்சியிலேயே இருக்கிறது. கேட்பவர் கையில் தீர்வு உண்டா? ஜமாஅத் பெரியவர், காஜியார், வழக்குரைஞர், நீதிபதி, மருத்துவர், உற்ற உறவினர் ஆகியோர் கேட்கலாம், கேட்க வேண்டும். ஒன்றும் செய்ய முடியாத, ஒன்றும் செய்ய எண்ணாத பல்லாயிரவர் கேட்பது உதவியன்று. பொழுதுபோக்கே அது. அந்த ஏழைப் பெண் தொலைக்காட்சியிடம் போகிறாள் என்றால், முதலில் கேட்டிருக்க வேண்டிய நம் ஜமாஅத்துகள் கேட்கவில்லை என்பதும் அதற்கு ஒரு காரணம். பெண்கள் வந்து தயக்கமின்றி முறையிட ஓர் அறையும், நம்பிக்கைக்குரிய சில செவிகளும் ஒவ்வொரு மஹல்லாவிலும் அமையுமானால், அந்த ஒளிபரப்புக் கூடத்தின் வாசலில் கூட்டம் குறையும்.

இனி, இசைக் கலைஞர்களின் நேர்காணல்கள். இசை குறித்து மார்க்க அறிஞர்களிடையே உள்ள கருத்து வேறுபாட்டுக்குள் நாம் இங்கே புகவில்லை. கேள்வி கேட்கும் முறை பற்றியதே நம் பேச்சு. காஞ்சிபுரம் நயினாப் பிள்ளை (1889–1934) தாள நுட்பத்தில் பெரும் புகழ் எய்தியவர். டி.பிருந்தா அவரிடம் பயின்றார். காஞ்சியில் பிறந்த டி.கே.பட்டம்மாள் அவர் இசையைக் கேட்டு வளர்ந்தார். இசைத்தட்டில் பாட அவர் இசையவில்லை என்பர். அவர் குரல் இன்று நம்மிடம் இல்லை. அறிந்த ஒருவர் அவரிடம் அந்தத் தாளக் கணக்குகளைப் பற்றிக் கேட்டுப் பதிவு செய்திருந்தால் எத்துணைப் பெரிய செல்வம் எஞ்சியிருக்கும்! ஆகவே நேர்காணல் தீதன்று. இசைமுரசு நாகூர் ஹனீபாவிடம் (1925–2015) தமிழ்ச் சொல்லை மெட்டில் எப்படி அமர்த்தினார் என்று கேட்பது கல்வி. நெசவாளரிடம் கோர்வையைப் பற்றிக் கேட்பதும் அத்தகையதே. அவரிடம் போய்க் கடன் எவ்வளவு, மனைவியோடு என்ன சண்டை என்று கேட்பது அநாகரிகம் என்பதை நாம் அறிவோம். பாடகரிடம் கேட்டால் மட்டும் அது எப்படி நாகரிகமாகிறது?

2024 நவம்பரில் இசையமைப்பாளர் ஏ.ஆர்.ரஹ்மானும் அவர்தம் துணைவியாரும் பிரிவு ஒன்றை அறிவித்து, தங்கள் தனிமையை மதிக்குமாறு வேண்டிக்கொண்டனர். சில நாட்களுக்குள் அவதூறுகளை நீக்கக் கோரி அவர் சட்ட அறிவிப்பு விட வேண்டியதாயிற்று. அந்த அவதூறுகள் எவை என்று நாம் எழுதப்போவதில்லை. வேண்டுகோள் அவ்வளவு தெளிவாக இருந்தும் கேள்விகள் நிற்கவில்லை என்பதே நாம் கவனிக்க வேண்டியது. சந்தேகத்தையும், துருவி ஆராய்வதையும், புறம் பேசுவதையும் திருமறையின் நாற்பத்தொன்பதாம் அத்தியாயம் ஒரே வசனத்தில், இதே வரிசையில் விலக்குகிறது. ஊகம் துருவலைப் பெறுகிறது. துருவல் புறம் பேசுதலைப் பெறுகிறது. அன்று நடந்ததும் அதே வரிசையில்தான்.

ஒளிபரப்புகிறவர்களைத் திருத்துவது அரசின் வேலையும் நீதிமன்றத்தின் வேலையும் ஆகலாம். ஆனால் கேட்பவர் இல்லாத இடத்தில் எவரும் கடை விரிப்பதில்லை. தறியருகிலும் அடுப்பருகிலும் அந்தக் குரல் எழும்போது, இதைக் கேட்டு நான் யாருக்காவது உதவப் போகிறேனா, அல்லது எதையாவது கற்கப் போகிறேனா என்று நாம் ஒவ்வொருவரும் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். இரண்டும் இல்லையெனில் குரலை அணைத்துவிடுவதே கண்ணியம். ஓர் அடியானின் குறையை மறைப்பவரின் குறையை இறைவன் மறுமையில் மறைப்பான் என்பது அண்ணலார் அளித்த நற்செய்தி. அந்த நாளில் நமக்கும் ஓர் ஆடை வேண்டியிருக்கும்.