அழிந்த உலகத்தைக் கையில் எடு!

திருவனந்தபுரம் பாளையத்து ஸ்டேட் சென்ட்ரல் லைப்ரரி 1829-இல் தொடங்கியது. சுவாதித் திருநாள் காலம். இன்று காலையில் அங்கே போய்ப் பார், பி.எஸ்.சி. தேர்வுக்கான ராங்க் ஃபைலை விரித்து வைத்துக்கொண்டு கொட்டாவியை விழுங்குகிற முகங்களில் ஒன்று உன்னுடையதாகவும் இருக்கலாம். மதியத்துக்கு மேல் அதை மூடிவிட்டு நாவல் பக்கம் நகர்கிறாய். உலகம் அழிந்த பிறகு நடக்கும் கதை ஒன்று கண்ணில் படுகிறது. கை நீள்கிறது, உடனே பின்வாங்குகிறது. இருக்கிற கவலை போதாதா, இதைப் படித்து மனசு கெட்டுப்போகவா என்று உள்ளே ஒரு குரல்.

எடு! அந்தக் குரல் உன் மனத்தைக் கண்ணாடிக் கிண்ணம் என்று நினைக்கிறது. சாலைக் கடைத்தெருவில் வெண்கலப் பானை வாங்குகிறவர் அதைத் தட்டிப் பார்க்காமல் வாங்குவாரா? தட்டாமல் வாங்கிய பானையின் கீறல், கஞ்சியை ஊற்றிய பிறகுதான் தெரியும். நீயும் உன்னைத் தட்டிப் பார்.

ஆனால் பார்த்ததையெல்லாம் தூக்காதே. ஊரே சொல்கிறதென்று ஆர்வெல்லின் '1984'-இல் தொடங்காதே. 1949-இல் வந்த மகத்தான நாவல், எழுதியவர் பீகாரின் மோதிஹாரியில் பிறந்தவர், எல்லாம் சரி. அது ஒரு மனிதனை உடைத்து, உடைந்த இடத்திலேயே போட்டுவிட்டுப் போகிற புத்தகம். மூன்றாவதாகப் படி. அலமாரி முன் நின்று நடுப்பக்கம் இரண்டைப் புரட்டு. அந்தச் சாம்பல் உலகத்திலும் யாராவது அடுப்பு மூட்டுகிறார்களா, புண்ணுக்குக் கட்டுப் போடுகிறார்களா, ஒரு பிள்ளைக்கு எழுத்துச் சொல்லித் தருகிறார்களா? அப்படியானால் அது உன் புத்தகம். பிணத்தை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் திருப்பி வை. எடுத்த பிறகு பிடிக்கவில்லையா, ஐம்பதாம் பக்கத்தில் மூடு. அதற்கு யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டாம்.

முதல் புத்தகம் எது என்று என்னைக் கேட்டால், ஆக்டேவியா பட்லரின் 'பேரபிள் ஆஃப் த சோவர்'. பட்லர் 1947-இல் கலிபோர்னியாவின் பசடேனாவில் பிறந்த கறுப்பினப் பெண். அம்மா வீட்டு வேலைக்குப் போனவர். மகளுக்கோ வாசிப்பே தடுமாறும் டிஸ்லெக்சியா. பாத்திரம் கழுவினார், உருளைக்கிழங்கு சிப்ஸ் சோதிக்கும் வேலை பார்த்தார், விடியாத 2 மணிக்கு எழுந்து எழுதினார். 1988-இல் ஒரு நோட்டில், தன் புத்தகங்கள் அதிகம் விற்கும் பட்டியலில் ஏறும் என்று தனக்குத்தானே எழுதி வைத்தார். கேட்க ஆளில்லாத சபதம்! 1993-இல் இந்த நாவல் வந்தது. கதை தொடங்குவது 2024 ஜூலையில். மழை பொய்த்த ஊர், மதிலுக்குள் ஒளிந்து வாழும் தெரு. 15 வயது லாரன் முதலுதவி, தின்னத் தகுந்த செடிகள் பற்றியெல்லாம் வீட்டிலிருக்கும் புத்தகங்களில் படிக்கிறாள்; ஓட நேர்ந்தால் தூக்கிக்கொள்ள ஒரு பை கட்டி வைக்கிறாள். ஊரைப் பயமுறுத்தாதே என்று அப்பா அதட்டுகிறார். மதில் விழுகிற இரவில் அந்தப் பைதான் அவளோடு வருகிறது. பட்லர் 2006-இல் இறந்தார். 2020-இல் அந்த நாவல் நியூயார்க் டைம்ஸ் பட்டியலில் ஏறியது.

நம் பக்கத்தில் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' இருக்கிறது. உன் பெயர் எத்தனை எழுத்து, நீ சாக வேண்டிய நாள் எது என்பதை அரசாங்கமே முடிவுசெய்யும் 2021. எதிர்த்து நிற்பது ஒரு சாதாரணப் பெண்ணும் ஓர் இயந்திர நாயும். பஸ் போர்டு படிக்கக் கற்ற மலையாளத்தை இன்னும் கொஞ்சம் தீட்டினால் ஓ. வி. விஜயனின் 'தர்மபுராணம்' காத்திருக்கிறது. 1975-இல் தொடராக வரவிருந்து, நெருக்கடி நிலையால் நின்று, 1985-இல் நூலான கதை. மூக்கைப் பிடித்துக்கொண்டு படிக்க வேண்டியிருக்கும். அதிகாரத்தின் நாற்றம் அப்படி. மெக்கார்த்தியின் 'தி ரோட்'-ஐ மட்டும் பிள்ளை பெற்றவர்கள் இரவில் படிக்காதீர்கள். எழுந்து எழுந்து போய்ப் போர்வையைச் சரிசெய்துகொண்டிருப்பீர்கள்.

இதெல்லாம் எங்கோ நடப்பது என்று தோன்றினால் சங்குமுகம் வரை ஒரு நடை போய் வா. அந்தக் கரை ரோட்டைக் கடல் தின்றதை இந்த ஊரே பார்த்தது. பக்கத்தில் வலியதுறைக் கடல்பாலம் 2021-இல் சரிந்து, 2024-இல் இரண்டாக ஒடிந்தது. கடல் வீட்டை விழுங்கிய குடும்பங்கள் சிமெண்ட் கோடவுனில் ஆண்டுக்கணக்கில் குடியிருந்தன. 2017 நவம்பர் 30, ஒக்கி புயல். பூந்துறை, விழிஞ்ஞம், குமரிக் கரையில் தூத்தூர், சின்னத்துறை என்று கடலுக்குப் போன பலர் திரும்பவே இல்லை. ஒன்பது மாதம் முழுசாகக் கழியவில்லை. 2018 ஆகஸ்டில் செங்கன்னூர் வெள்ளத்தில் மூழ்கியபோது, இந்தக் கரைக்காரர்கள் வள்ளத்தை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். உறவைக் கடலுக்குக் கொடுத்தவர்கள், முன்பின் பார்த்திராதவர்களை மொட்டை மாடியிலிருந்து இறக்கி வந்தார்கள்.

அவர்கள் யாரும் நாவல் படித்துவிட்டுப் போகவில்லை என்பாய். உண்மைதான். அவர்களுக்குக் கடல் சொல்லிக் கொடுத்திருந்தது. மேஜையும் மின்விசிறியுமாக வாழும் நமக்கு யார் சொல்லிக் கொடுப்பார்கள்? தேர்வு முடிவு வந்தாலே சுருண்டு படுத்துவிடுகிற நமக்கு?

நாளைக் காலையில் வரும்போது, ராங்க் ஃபைலுக்குப் பக்கத்தில் ஒரு நாவலுக்கும் பையில் இடம் விட்டு வா.