ஐந்து ரூபாய்ப் பொட்டலமும் பாலாற்றுத் தீர்ப்பும்

2025 செப்டம்பர் 22 முதல் பிஸ்கட், சாக்லேட், நூடுல்ஸ், பொட்டல நொறுக்குத்தீனி ஆகியவற்றின் மீதான சரக்கு, சேவை வரி 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. உலகில் 5 முதல் 19 வயது வரையிலானோரில் எடை குறைந்தோரைவிட (9.2%) உடற்பருமன் கொண்டோர் (9.4%) முதன்முறையாக மிகுந்துவிட்டனர் என்று யுனிசெஃப் அறிவித்ததும் அதே மாதத்தில்தான். எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பெறும் உடல்நிறைக் குறியீட்டெண், குழந்தையின் வயதுக்கும் பாலினத்துக்கும் உரிய அளவை வெகுவாகக் கடந்த நிலையே உடற்பருமன் எனப்படுகிறது. இதற்குப் பொறுப்பு யாருடையது என்று கேட்டால், ஊட்டி வளர்த்த தாயை நோக்கி விரல் நீட்டுவதே வழக்கமாக இருக்கிறது, அவ்வழக்கம் அறமாகாது.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரத்தில், விடியலில் கம்பெனி பஸ் வருவதற்குள் உலையிறக்கி, நாள் முழுதும் குனிந்தபடி ஷூவின் மேல்தோலைத் தைத்துவிட்டு இருட்டும் வேளையில் திரும்பும் பெண்ணின் வீட்டில், பள்ளி விட்டு வரும் பிள்ளையின் பசியை ஆற்றுவது பெட்டிக்கடையில் சரம்சரமாகத் தொங்கும் ஐந்து ரூபாய்ப் பொட்டலம்தான். நாட்டளவில் குழந்தைப் பருமன் இன்னும் வசதியுள்ள வீடுகளிலேயே மிகுதி என்பது உண்மை. எனினும், தேசியக் குடும்ப நல ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்டோரில் மிகை எடை 2015–16இல் 2.1 விழுக்காடாக இருந்து 2019–21இல் 3.4 ஆக உயர்ந்ததைத் தோல் முதலாளிகளின் வீட்டுப் பிள்ளைகளைக் கொண்டு மட்டும் விளக்கிவிட முடியாது. கருவில் ஊட்டம் குன்றிப் பிறந்த குழந்தை பின்னாளில் விரைந்து எடை கூடினால் நீரிழிவுக்கு எளிதில் ஆளாகிறது என்பதால், வறுமை முதலில் மெலியவைத்துப் பின்னர் கொழுக்கவைத்து இருமுறை தண்டிக்கிறது.

பெற்றோரைக் கடிந்துகொள்வோர் திருக்குறளைத் துணைக்கழைப்பதுண்டு. ‘மருந்து’ அதிகாரத்தின் பத்துக் குறள்களில் ஆறு, அளவறிந்து உண்பதைப் பற்றியவையே. ஆனால் அதே நூலின் ‘நடுவுநிலைமை’ அதிகாரம், பிறர் பொருளையும் தன் பொருளெனப் பேணுவதே வணிகம் என்று விற்பவனுக்கும் கடமை வகுக்கிறது. உணவு கொடுத்தோரே உயிர் கொடுத்தோர் என்ற கருத்தைப் புறநானூற்றில் குடபுலவியனார் உண்பவனிடம் சொல்லவில்லை. நீர்நிலை பெருக்குமாறு பாண்டியன் நெடுஞ்செழியனிடம் சொன்னார். மணிமேகலையின் அமுதசுரபியும் பசித்தவனின் தகுதியை விசாரித்த பிறகு சோறு சுரந்த கலமன்று. தமிழ் அறமரபு உணவின் பொறுப்பை முதலில் ஆள்வோர் மீதும், பொருளுடையோர் மீதுமே சுமத்தியது.

பிள்ளைக்கு அளவு சொல்லித்தரும் கடமை பெற்றோருக்கு உண்டு. இப்பண்டங்களின் வரியைக் கூட்டினால் அது ஏழையின் கைக்காசையும் தொடும் என்ற வாதமும் முற்றிலும் பொய்யன்று.

எனினும் பொறுப்பு யாருடையது என்ற இவ்வழக்குக்குரிய நெறி அதே தோல் வட்டாரத்தின் பாலாற்றங்கரையிலேயே கிடைக்கிறது. தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்ததை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்ற நெறியையும், கேடு ஐயமற நிறுவப்படும்வரை காத்திராமல் தடுக்க வேண்டும் என்ற முன்னெச்சரிக்கை நெறியையும் உச்ச நீதிமன்றம் 1996இல் நாட்டின் சட்டமாக ஏற்றது. வேறு நல்ல கிணற்றைத் தேடிக்கொண்டிருக்கலாமே என்று உழவரிடம் எந்த நீதிபதியும் கேட்கவில்லை. செரிலாக் குழந்தை உணவை ஐரோப்பிய நாடுகளில் சர்க்கரை சேர்க்காமலும் இந்தியாவில் சேர்த்தும் நெஸ்லே விற்றுவந்ததைச் சுவிட்சர்லாந்தின் ‘பப்ளிக் ஐ’ அமைப்பு 2024இல் வெளிக்கொணர்ந்த பின்னரும், தாயிடம் மட்டும் அக்கேள்வி கேட்கப்படுவது விந்தையே.

மெக்சிகோ 2014இல் இனிப்புப் பானங்களுக்குத் தனிவரி விதித்தது. சிலி 2016இல் பொட்டலங்களின் முகப்பில் கறுப்பு எச்சரிக்கை முத்திரையைக் கட்டாயமாக்கியது. இங்கும் பொட்டல நொறுக்குத்தீனிக்கு அத்தகைய தனிவரியை விதித்து, வரும் தொகையைச் சத்துணவுக்கூடத்திலேயே மாலைச் சுண்டலுக்குச் செலவிடலாம். கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த பண்டங்களைப் பள்ளி வாயிலிலிருந்து 50 மீட்டருக்குள் விற்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகள் ஏற்கெனவே சொல்லியுள்ளன. பள்ளி விடும் நேரத்தில் அந்த 50 மீட்டரை அளந்து பார்க்க வேண்டியவர் உணவுப் பாதுகாப்பு அலுவலர்.