இரண்டு பசி

பின்தங்கிய பிள்ளைகள் இத்தனை பேர் இருக்கும்போது, நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கு எதற்காகத் தனிப் பணம்? அவன் எப்படியும் பிழைத்துக்கொள்வான் அல்லவா? நல்ல மனம் படைத்தவர்களே இப்படிக் கேட்கிறார்கள்.

ஓசூர்ப் பக்கத்தையே எடுத்துக்கொள்வோம். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குக் கணக்கில் மூளை ஓடுகிறது என்று தெரிந்தால், தகப்பனார் அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டிப் பெங்களூரில் தனிப் பயிற்சிக்கு ஏற்பாடு செய்துவிடுவார். அஞ்செட்டி மலைப்பக்கம், கேழ்வரகு விதைக்கிற ஒரு வீட்டிலும் அதே மூளை பிறக்கிறது. வாத்தியார் கணக்கை எழுதி முடிப்பதற்குள் அந்தப் பெண் விடையைச் சொல்லிவிடுகிறாள். அதற்குப் பிறகு? பதினெட்டு வயது நிரம்பியதும் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறுகிறாள். அந்த வேலை இழிவானதல்ல; பல வீடுகளில் அடுப்பு எரிவதே அதனால்தான். ஆனால் பல வழிகளில் ஒன்றாக அதைத் தேர்ந்துகொள்வதும், வேறு வழியின்றி அதில் போய் விழுவதும் ஒன்றாகுமா?

அரசாங்கம் தன் உதவியை நிறுத்தினால் முதல் பிள்ளைக்கு ஒரு குறையும் வராது. சமத்துவத்தின் பெயரால் வெட்டப்படும் பணம் ஏழையின் பணமாகவே இருக்கிறது.

ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878-ல் பிறந்த ராஜாஜியைப் பெங்களூர் சென்ட்ரல் காலேஜுக்கு அனுப்பிப் படிக்கவைக்க அவர் வீட்டாரால் முடிந்தது. ராமானுஜன் வீட்டாரால் முடியவில்லை. மற்றப் பாடங்களில் தவறியதால் அவர் கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார். 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க் குமாஸ்தா. மறு வருஷம் சென்னைப் பல்கலைக்கழகம், பட்டமில்லாத அந்த மனிதருக்கு மாதம் 75 ரூபாய் கொடுத்து ஆராய்ச்சி செய்யச் சொன்னது. அந்த எழுபத்தைந்து ரூபாயை இன்று யாராவது வீண் செலவு என்பார்களா?

நம் காலத்துக் கதையைப் பாருங்கள். தமிழ்நாட்டின் ஊரகத் திறனாய்வுத் தேர்வில் மாவட்டத்துக்கு 50 மாணவர், 50 மாணவியர் தேர்வாகிறார்கள். அவர்களுக்கென வகுத்த தொகை வருஷத்துக்கு 1,000 ரூபாய். மாதம் நூறு ரூபாய்கூட இல்லை! 1963-ல் தொடங்கிய தேசியத் திறனறித் திட்டத்துக்கோ 2021 மார்ச் வரைதான் ஒப்புதல் இருந்தது. அதன் பிறகு ஒப்புதல் வரவில்லை, தேர்வு நின்றுபோனது. மேல்நிலை வகுப்பில் மாதம் 1,250 ரூபாய் தந்துவந்த திட்டம் அது.

தேர்வு எல்லாத் திறமையையும் கண்டுபிடித்துவிடாது என்பது மெய்தான். ராமானுஜனே தேர்வுகளில் தோற்றவர். அதற்காகத் தேடும் முறையைச் சீர்திருத்த வேண்டுமே தவிர, தேடுவதையே விட்டுவிடலாகாது. பிந்தி நிற்கும் பிள்ளையின் பங்கிலிருந்து எடுத்து இதற்குக் கொடுக்கச் சொல்லவும் இல்லை. அவனுக்கும் பசி, இவளுக்கும் பசி. ஒரு குழந்தையின் பசியைக் காட்டி இன்னொரு குழந்தையின் இலையை எடுக்கலாமா?

சட்டசபையிலும் பாராளுமன்றத்திலும் வரவு செலவுத் திட்டத்துக்குக் கை தூக்குகிறவர்கள் இரண்டு காரியம் செய்ய வேண்டும். விலைவாசிக்கு ஏற்ப இந்தத் தொகைகளை உயர்த்த வேண்டும். எந்தத் திட்டமும் விவாதமின்றிச் சத்தமில்லாமல் காலாவதியாக விடக்கூடாது. ஓர் ஆலை மூடப்பட்டால் எத்தனை பேருக்கு வேலை போயிற்று என்று மறுநாளே கணக்கு வந்துவிடும். மலையூரில் மங்கிப்போகும் ஓர் அறிவுக்குக் கணக்கெழுத யாரும் இல்லை. அந்த நஷ்டத்தையும் நஷ்டம் என்று உணர்ந்து பேசத்தானே மக்கள் அவர்களை அங்கே அனுப்பியிருக்கிறார்கள்?