வேரும் வேலியும்

பிறரைச் சார்ந்து வாழ்வது இழிவா? ஓய்வு பெற்ற முதியவர் ஒருவர் என்னிடம் கேட்டார். மனைவி மறைந்த பின்னும் மகன் வீட்டுக்குப் போக அவர் மனம் இசையவில்லை. "கொடியைப் போல ஒருவனைச் சுற்றிக்கொண்டு கிடக்கச் சொல்கிறீர்களா?" என்றார்.

கொடி அவ்வளவு தாழ்ந்ததா? புதுச்சேரியின் கடற்கரைத் தெருக்களில் மதில்தோறும் காகிதப்பூ கண்ணைப் பறிக்கும். நகரைத் தாண்டி வடக்கே காலாப்பட்டுப் பக்கம் போனால், வேலிகளில் வேலிப்பருத்தியைக் காணலாம். உத்தாமணி என்றும் சொல்வார்கள். கிள்ளினால் பால் வடியும். காய் முற்றி வெடித்தால் பஞ்சு பறக்கும். ஆப்பிரிக்கா, அரேபியாவின் பாலை நிலங்களிலும் ஆண்டுக்கணக்கில் உயிர் தரித்திருக்கும் கொடி அது.

வேலியைச் சுற்றித்தான் அது ஏறுகிறது. ஆனால் நீரைத் தன் வேரால் எடுக்கிறது. உணவைத் தன் இலையால் ஆக்கிக்கொள்கிறது. வேலியிடம் அது கேட்பது வெயிலில் நிற்க ஓர் இடம் மட்டுமே.

கடலோர வேலிகளில் கொத்தானும் படரும். இலை தெரியாத வெறும் நூல் அது. முளைத்தபோது அதற்கும் வேர் இருந்தது. பிடித்துக்கொள்ள ஒரு செடி கிடைத்ததும் அந்த வேர் மாய்ந்துவிடுகிறது; பிறகு பற்றிய செடியின் சாற்றை உறிஞ்சியே வாழ்கிறது. தொலைவிலிருந்து பார்ப்பவனுக்கு இரண்டும் வேலியைச் சுற்றிய கொடிகள்தாம்.

இதைச் சொன்னதும் முதியவர் மடக்கினார்: "நாளை நான் படுத்த படுக்கையானால்? அப்போது நான் கொத்தான்தானே?"

நியாயமான கேள்வி. அங்கே செடி நமக்கு வழிகாட்டாது. 1955 முதல் இந்நகரில் இயங்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் செடிகளை உலர்த்திச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். தாவர நூலார் எந்தக் கொடியையும் பழிப்பதில்லை. அது வாழும் விதத்தைக் குறித்துக்கொள்வதோடு சரி. பழியும் கடமையும் மனிதர்க்கே உரியவை. தாய்ப்பால் உண்ணும் குழந்தையை உறிஞ்சி என்று யார் சொல்வார்? வலிமை ஓய்ந்தவரைத் தாங்குவது தாங்குகிறவனின் கடமை. தாங்கப்படுகிறவருக்கு அதில் இழிவில்லை.

உழைக்க வலிமையிருந்தும் தந்தையின் ஓய்வூதியத்தில் காலம் கழிக்கும் மகனைப் பற்றி வேண்டுமானால் அந்தக் கேள்வி எழலாம். அங்கும் கேட்க வேண்டியவன் அவனே. "என் வேரை நானே காயவிட்டேனா?" என்று ஒவ்வொருவரும் தம்மைக் கேட்டுக்கொள்ளலாம். அடுத்தவரைக் கேட்குமுன் தயங்க வேண்டும். வேர் மண்ணுக்குள் இருக்கிறது, நம் கண்ணுக்குத் தெரிவது வேலி மட்டுமே.