நூற்றுக்கு 38

விடுமுறைக்கு மல்லாங்கிணறு வரும்போதெல்லாம் ஒரு கட்டு விடைத்தாளும் என்னோடு வந்துவிடுகிறது. ஓவியக் கல்லூரி ஒன்றில் ஆசிரியன் நான். ஓவியப் பயிற்சி வகுப்பும் என்னுடையது, ஐரோப்பிய மறுமலர்ச்சிக் காலக் கலை வரலாறும் என்னுடையது. கரிசல் வெயிலில், வேப்பமரத்தடியில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, பதினைந்தாம் நூற்றாண்டு ஃபிளாரன்ஸுக்கு மதிப்பெண் போடுவதில் ஒரு அபத்தம் இருக்கத்தான் செய்கிறது. அது பழகிவிட்டது. பழகாத வேறொன்றைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

சென்ற ஏப்ரலில், ஊருக்குக் கிளம்பும் முன், மாணவர்களின் ஆண்டிறுதி ஓவியங்களுக்கு மதிப்பெண் போட்டு வைத்துவிட்டு வந்தேன். அவற்றில் ஒன்று சிவகாசிப் பக்கத்துப் பையனுடையது. கல்லூரியில் சேர்வதற்கு முன் பட்டாசுப் பெட்டி லேபிள்களுக்குப் படம் வரைந்து கொடுத்தவன். தன் தாயை வரைந்திருந்தான். உட்கார்ந்திருக்கும் தோரணை, வழவழவென்ற கன்னம், தலைக்குப் பின்னால் பரவும் மஞ்சள் ஒளி எல்லாம் அசல் காலண்டர் லட்சுமி. ‘சுயமான பார்வை இல்லை, பிரதி’ என்று குறித்து 38 போட்டேன். தேற 40 வேண்டும்.

மறுநாள் வேப்பமரத்தடியில் வரலாற்றுத் தாள்கள். ஃபிளாரன்ஸ் பட்டறைகளில் ஓவியன் எப்படி உருவானான் என்பது கேள்வி. வகுப்பில் முதலாவதாக வருகிற பெண் எழுதியிருந்தாள்: சிறு வயதிலேயே பட்டறையில் சேர்ந்தான், வண்ணம் அரைத்தான், ஆசானின் கோட்டுச் சித்திரங்களைத் திரும்பத் திரும்பப் பிரதி செய்தான், எது ஆசானின் கை, எது சீடனின் கை என்று பிரிக்க முடியாதபடி அவர் பாணியில் ஊறினான். 1400-ஐ ஒட்டி சென்னினோ சென்னினி எழுதிய கைநூலையும் குறிப்பிட்டிருந்தாள். ஒரே ஆசானைப் பற்றிக்கொண்டு அவரையே பிரதி செய், உனக்குக் கற்பனை என்று ஏதாவது இருந்தால் உன் பாணி தானே வந்து சேரும் என்பது அவருடைய உபதேசம். நல்ல விடை. 20-க்கு 17 போட்டேன். பேனாவை மூடும்போதுதான் உறைத்தது. எதை எழுதியதற்காக அவளுக்கு 17 கொடுத்தேனோ, அதைச் செய்ததற்காகத்தான் அவனைத் தோற்கடித்திருக்கிறேன்.

மனம் உடனே தற்காப்பு வாதங்களைத் தேட ஆரம்பித்தது. ஃபிளாரன்ஸ் பையனுக்கு உயிருள்ள ஆசான் இருந்தார், இவனுக்கு வாய்த்தது சந்தைச் சரக்கு என்று ஒரு வாதம். இது நிற்காது. கொண்டைய ராஜு (1898–1976) சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர். நாடகத் திரைச்சீலைகள் எழுதினார். பிறகு கோவில்பட்டியில் தங்கிவிட்டார். அங்கே அவர் வரைந்த சாமி படங்கள் சிவகாசியில் அச்சாகி வீடுவீடாகப் போயின. சீடர்களைக் கூட வைத்துக்கொண்டு வேலை செய்தார். அவர்கள் அவருடைய பாணியைத் தொடர்ந்தார்கள். இங்கிருந்து பஸ் ஏறிப் போய்விடக்கூடிய ஊரில் நடந்த இந்தக் காரியத்தைப் பட்டறை மரபு என்று ஒப்புக்கொள்ள, இத்தாலியப் பெயர் ஒன்று ஒட்டியிருக்க வேண்டுமா என்ன?

ஆனால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எனக்கு அந்தப் பாணி பிடிக்காது. வியர்வையையும் களைப்பையும் துடைத்துவிட்டு முகத்தை வழவழப்பாக்கித் தருவதில் ஒரு பொய் இருப்பதாகவே இன்றும் நினைக்கிறேன். இது என் விமர்சனம். எங்கு வேண்டுமானாலும் இதற்காக வாதாடத் தயார். ஆனால் விமர்சனம் வேறு, மதிப்பெண் வேறு. விமர்சனத்துக்கு மறுப்பு எழுதலாம். 38-க்கு என்ன மறுப்பு எழுதுவது?

ரசனைக்கு எண் கொடுப்பதே பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. பிரெஞ்சு விமர்சகர் ரோஜே த பீல் 1708-ல் வெளியிட்ட நூலில் ஓவியர்களுக்கு மதிப்பெண் பட்டியலே போட்டிருக்கிறார். அமைப்பு, வரைவு, வண்ணம், உணர்ச்சி வெளிப்பாடு என்று நான்கு பிரிவுகள், ஒவ்வொன்றுக்கும் 20. ராஃபேலுக்கும் ரூபன்ஸுக்கும் மொத்தம் 65. மைக்கேலாஞ்சலோவுக்கு வண்ணத்தில் 4, மொத்தம் 37. கரவாஜ்ஜியோவுக்கு உணர்ச்சி வெளிப்பாட்டில் சைபர். இன்று இதைப் பார்த்துச் சிரிக்கிறோம். சிரிக்க முடிகிறது என்பதுதான் முக்கியம். தம் ரசனையை அவர் தம் பெயரில் அச்சிட்டு வைத்தார். கரவாஜ்ஜியோவின் படங்களும் இருக்கின்றன. யார் தோற்றார் என்று நாம் பார்த்துக்கொள்ளலாம்.

1401-ல் ஃபிளாரன்ஸ் ஞானஸ்நான ஆலயத்தின் வெண்கலக் கதவுக்காக நடந்த போட்டியும் அப்படித்தான். ஆபிரகாம் மகனைப் பலியிடப் போகும் காட்சியை எல்லோரும் ஒரே அளவில் செய்ய வேண்டும். நடுவர்கள் 34 பேர். வேலை கிபர்ட்டிக்குக் கிடைத்தது. அவருடைய தகடு பெரும்பாலும் ஒரே வார்ப்பு. புருனெலெஸ்கியுடையது தனித்தனியாக வார்த்துப் பொருத்தியது, சுமார் 7 கிலோ கூடுதல் கனம். வெண்கலம் விலை உயர்ந்தது. ஆக, கலைத் தீர்ப்பில் தராசும் உட்கார்ந்திருக்கலாம். நடுவர்கள் அத்தனை பேரும் தன்னையே தேர்ந்தார்கள் என்று கிபர்ட்டி எழுதிவைத்தார். இல்லை, இருவரும் சேர்ந்து செய்யச் சொன்னார்கள், புருனெலெஸ்கிதான் மறுத்தார் என்றார் அவருடைய சரிதத்தை எழுதிய மனெட்டி. இரண்டு தகடுகளும் இன்று பார்ஜெல்லோ அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அறுநூறு வருஷங்களாக அந்த 34 பேரும் மதிப்பிடப்பட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

என் பையனின் படத்துக்கு இந்த வசதி இல்லை. அது சுருட்டப்பட்டு வீட்டுப் பரணுக்குப் போகும். வெளியே போகிறது எண் மட்டும். எதைப் பார்த்து, யார், எந்த மன நிலையில் போட்டது என்ற சுவடு ஏதும் இல்லாமல், ஏதோ எடைபோட்டு அளந்த உண்மை மாதிரி அது ஆயுள் பூராவும் அவன் கூடவே போகும். ரசனை குற்றமல்ல. தன் ரசனையை எண்ணுக்குள் ஒளித்துவைத்துவிட்டுத் தானும் ஒளிந்துகொள்வதுதான் குற்றம் என்று எனக்குப் படுகிறது.

உள் மதிப்பீட்டுப் பட்டியல் இன்னும் கைவிட்டுப் போகவில்லை. திங்கட்கிழமை கல்லூரிக்குத் திரும்பிப் படத்தை மறுபடி விரித்தேன். தாயின் கைகள் மணிக்கட்டு வரை வெள்ளி நிறத்தில் மின்னின. லேபிள் பளபளப்பு என்று முதல் தடவை தள்ளிவிட்டிருந்தேன். அது அலுமினியப் பொடி. பட்டாசுக்கு மருந்து கலக்கிறவர்களின் கை அப்படித்தான் இருக்கும். இந்தப் பக்கத்தில் பிறந்த எனக்கு அது தெரியாததல்ல. லட்சுமியின் கையிலிருந்து காசு கொட்டும் இடத்தில் அவன் அந்தப் பொடியை வைத்திருந்தான்.

இங்கே முடித்திருந்தால் எனக்குச் சௌகரியம். தவறு திருந்தியது, கலை வென்றது என்று போய்விடலாம். ஆனால் அந்தக் கைகள் வெறும் ரோஜா நிறத்தில் இருந்திருந்தால் 38 சரியாகிவிடுமா? ஆகாது. கைகளைக் கண்டது என் அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தை நியாயம் என்று சொல்ல முடியாது.

61 என்று திருத்தினேன். ஏன் அவ்வளவு, ஏன் அதற்கு மேல் இல்லை, எது எனக்குப் பிடிக்கவில்லை என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அவனிடம் கொடுத்தேன். முன்பு போட்ட 38-ஐயும் அதில் மறைக்கவில்லை. நின்றபடியே படித்தான். சந்தோஷப்பட்ட மாதிரி தெரியவில்லை.

“சார், அப்ப 38 போடும்போது எதப் பாத்துப் போட்டீங்க?” என்றான்.

“காலண்டரைப் பாத்தேன்” என்றேன்.

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனான்.